பழைய ஹாப்ஸுக்குப் புது லேபிள்: ட்ரை ஹாப்பிங் செய்கிறவர்கள் கவனிக்க

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியின் பூ) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கெட்டுப்போன ஹாப்ஸை நல்லதென்று சொல்லி எனக்கு விற்றுவிட்டார்கள். 20 லிட்டர் பீரைச் சாக்கடையில் கொட்டினேன்.

காய்ச்சியது பேல் ஏல் என்ற சாதாரண பீர் வகை. பத்து நாளில் நொதித்தல் அடங்கி, பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாளாக 1.012-இல் அசையாமல் நின்றது. ஊற்றிக் குடித்துப் பார்த்தேன், மால்ட்டின் இனிப்பும் கசப்பும் அளவாக இருந்தன. மணம் ஒன்றுதான் பாக்கி. நொதித்தல் அடங்கிய பீரில் ஹாப்ஸைப் போட்டு ஊறவைத்து மணம் ஏற்றுவதுதான் ட்ரை ஹாப்பிங். அதற்கென்றே இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 100 கிராம் கேஸ்கேட் ரக ஹாப்ஸ் பெல்லட் (பொடித்து அழுத்திய சின்னத் துண்டுகள்) வாங்கி வைத்திருந்தேன், லிட்டருக்கு 5 கிராம் கணக்கில். 1972-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட ரகம் அது. கிரேப்ஃப்ரூட் தோலும் பூவும் கலந்த அந்த வாசனைக்காகவே எனக்குப் பிடிக்கும்.

வெற்றிட பேக்கிங், அலுமினிய உறை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வந்ததோ உள்ளே இருப்பது அப்படியே தெரிகிற பிளாஸ்டிக் ஜிப் பை, இரண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் ஹாப்ஸ் கெடும் என்று தெரிந்த எவரும் அதில் அடைத்து விற்கமாட்டார்கள். அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

திறந்ததும் ஒரு பெல்லட்டை உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன். நல்ல பெல்லட் பச்சையாக இருக்கும். நசுக்கினால் பிசுபிசுவென்று ஒட்டும், கை கழுவிய பிறகும் வாசனை போகாது. இது வைக்கோல் நிறத்தில் இருந்தது, தூளாக உதிர்ந்தது. லேசாக ஒரு புளித்த வாடை. ‘பெல்லட்டில் வரும் வாடை பீரில் மறைந்துவிடும்’ என்று கூடவே வந்த தாளில் அச்சடித்திருந்தார்கள். அதை நம்பி இரண்டு பையையும் போட்டுவிட்டேன்.

நாலாம் நாள் குழாயைத் திறந்து அரை டம்ளர் பிடித்தேன். மூக்குக்கு அருகில் கொண்டுபோகும் முன்பே துவைக்காத காலுறை வாடை. வாயில் வைத்தால் ஊசிப்போன சீஸ். ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் காற்றுபட்டுச் சிதையும்போது ஐசோவலேரிக் அமிலம் உண்டாகும், அதன் நாற்றம்தான் இது. ட்ரை ஹாப்பிங்கில் கொதிக்க வைப்பது கிடையாது. அதனால்தான் ஆவியாகிற எண்ணெய்கள் தப்பிப் பீருக்கு மணம் தருகின்றன. கெட்ட வாடைக்கும் அதே கதைதான்: பெல்லட்டில் இருப்பது நேராகப் பீரில் இறங்கிவிடும்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. காலிப் பையின் லேபிள் ஈரம் பட்டு ஓரத்தில் கிளம்பியிருந்தது. உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள், அதில் அறுவடை ஆண்டு. ஐந்து வருடம் பழையது! மேலே ஒட்டியதில் ‘பேக் செய்த தேதி’ மட்டும்தான், அது போன மாதம். பெரிய மூட்டையைப் பிரித்துச் சின்னப் பையில் போட்ட நாளைப் புதுச் சரக்கின் தேதி போலக் காட்டியிருக்கிறார்கள். கேஸ்கேட் சீக்கிரம் கெடுகிற ரகம். 20 டிகிரியில் ஆறு மாதம் சும்மா கிடந்தாலே கசப்பு தரும் ஆல்பா அமிலம் ஏறக்குறைய பாதி போய்விடும்.

படத்தோடு எழுதிக் கேட்டேன். ‘பெல்ஜியத்தில் லாம்பிக் பீருக்கே பழைய ஹாப்ஸ்தான் போடுகிறார்கள்’ என்று பதில் வந்தது. இதுதான் எனக்கு ஆத்திரம் வரவழைத்தது. லாம்பிக் என்ற அந்தப் புளிப்பு பீரைக் காய்ச்சுகிறவர்கள் கசப்பு குறைந்து, பீரைக் கெடாமல் காக்கும் குணம் மட்டும் வேண்டும் என்று தெரிந்தே பழைய ஹாப்ஸை எடுக்கிறார்கள், மணிக்கணக்கில் கொதிக்கவும் வைக்கிறார்கள். அதற்கும் ட்ரை ஹாப்பிங்குக்கும் என்ன சம்பந்தம்? பணத்தைக் கேட்டேன், அதன் பிறகு பதிலே இல்லை.

பையோடு வந்த அந்தத் தாளில் இன்னொரு ஆபத்தான வரியும் உண்டு: ‘மூன்றாம் நாளே பாட்டிலில் அடைக்கலாம்.’ தயவுசெய்து செய்யாதீர்கள். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் விட்டுவைத்த மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக உடைக்கும். அடங்கிக் கிடந்த நொதித்தல் மறுபடி கிளம்பும். மூடிய பாட்டிலுக்குள் அது நடந்தால் கண்ணாடி வெடிக்கும். ஹாப்ஸ் போட்ட பிறகும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணில் நிற்க வேண்டும், அப்புறம் அடைக்கலாம்.

வாங்கும்போது அறுவடை ஆண்டைக் கேளுங்கள். பேக் செய்த தேதியைச் சொன்னால் விடாதீர்கள். வட அரைக்கோளத்தில் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சரக்கென்றால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஒளி புகாத, காற்றை எடுத்துவிட்ட உறையாக இருக்கட்டும். கைக்கு வந்ததும் ஃப்ரீசரில் வையுங்கள். போடுவதற்கு முன் ஒரு பெல்லட்டை நசுக்கி முகருங்கள், சந்தேகம் வந்தால் பீரைச் சும்மா விடுங்கள். மணமில்லாத என் பேல் ஏலைக் குடித்திருக்கலாம், இதைக் குடிக்க முடியவில்லை.

இரண்டு லேபிளும் என்னிடம் இருக்கின்றன. இதே போல ஜிப் பையில் வாங்கி வைத்திருப்பவர்கள் லேபிளின் ஓரத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்துப் பாருங்கள். அடியில் என்ன இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.