காரைக்குடியில் ஒரு மேக் சர்வீஸ் கடை: திறக்காத டிஎம்ஜிக்கு இங்கே போகலாம்

செக்காலை ரோட்டில் மாடியில் இருக்கிற கடை. படி செங்குத்து, ஐமேக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். மதியம் பூட்டினால் எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருந்தும் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகத் தருவேன்.

எனக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற தொழில். இங்கே ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தால் பிறகு அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் அதே வீட்டார் வருவார்கள், பழையதை நீட்டி "இதே எழுத்து வேணும்" என்பார்கள். அந்த ஃபைல்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தியவை, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டேம் குறியீட்டில் அடித்தவை. எழுத்துரு இல்லையென்றால் பத்திரிகையில் போடுகிற இலுப்பைக்குடி, வைரவன்பட்டி என்ற கோயில் பெயர்களெல்லாம் ஏதோ கிறுக்கலாகத் தெரியும்.

ஐமேக்கில் டிஸ்க்கை மாற்றி, மொஜாவே என்ற பழைய மேக் சிஸ்டத்துக்குப் பதில் புதிதான வென்சுரா போட்டதும் எழுத்துரு இன்ஸ்டாலரின் டிஎம்ஜி (மேக்கில் மென்பொருளை அடைத்துத் தரும் ஃபைல்) திறக்கவில்லை. 'நோ மவுண்டபிள் ஃபைல் சிஸ்டம்ஸ்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். வேறொரு கடையில் காட்டினேன். ஃபைல் கெட்டுப்போச்சு, புதுசா வாங்குங்க என்றார்கள். எங்கே வாங்க? விற்றவர் கடையை மூடி எத்தனையோ காலம் ஆச்சு.

மாடிக்கடைத் தம்பி முதலில் செய்தது ஃபைலை வெரிஃபை போட்டுப் பார்த்தது. ஃபைல் கெடவில்லை என்று காட்டுகிற செக்சம் எண் சரியாக வந்தது. "ஃபைல் நல்லாத்தான் இருக்குண்ணே, உள்ள இருக்கிற ஃபார்மட்தான் ரொம்பப் பழசு" என்றார். ஹெச்எஃப்எஸ் ஸ்டாண்டர்டு என்கிற அந்த ஃபார்மட்டில் எழுதுவதை ஆப்பிள் 2009இல் ஸ்னோ லெப்பர்டோடு நிறுத்திவிட்டது. படிக்க மட்டும் முடிந்தது. 2019இல் கேட்டலினா வந்தபோது அதுவும் போயிற்று. பின்னால் வந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஎம்ஜிகள் இன்றைக்கும் திறக்கின்றன, அதனால்தான் என்னிடம் இருந்த மற்றவை தகராறு செய்யவில்லை.

கடையில், கேட்டலினாவுக்கு முந்திய மொஜாவே போட்ட பழைய மேக் மினி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அதில் டிஎம்ஜி உடனே திறந்தது. உள்ளே இருந்ததை ஒரு ஃபோல்டரில் இறக்கி, அதைப் புது டிஎம்ஜியாகவும் செய்து கொடுத்தார். இன்ஸ்டாலர் 32 பிட், வென்சுராவில் எப்படியும் ஓடாது. அதனால் அதைத் தொடாமல், எழுத்துரு ஃபைல்களை மட்டும் எடுத்து ஃபான்ட் புக்கில் சேர்த்தார். என்னையே ஒரு பழைய பத்திரிகையைத் திறக்கச் சொல்லி, பெயர்கள் சரியாக வருகிறதா என்று பார்க்க வைத்த பிறகுதான் காசு வாங்கினார். 600 ரூபாய். பில் கேட்டால்தான் தருகிறார்கள், அது ஒரு குறை.

எழுத்துருவோடு வந்த கீபோர்டு டிரைவரும் 32 பிட்தான், அதற்கு வழியில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இப்போது யூனிகோடில் அடித்து, கன்வர்ட்டரில் மாற்றி ஒட்டிக்கொள்கிறேன். 'ஔ' மட்டும் அடிக்கடி உடைகிறது.