ட்ரெயிலர் கூரை ஒழுகினால்: சீலன்ட்டா, டேப்பா, பூச்சா?

கேம்பிங் ட்ரெயிலரின் உள்கூரை மூலையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம் தெரிந்ததுமே மனசு பதறும். கடைக்குப் போனால் அலமாரி நிறைய குழாய், ரோல், டப்பா. ஒவ்வொன்றும் எல்லாக் கசிவையும் தானே நிறுத்திவிடும் என்கிறது. எல்லாமே நல்ல சரக்காக இருக்கலாம். தப்பான இடத்தில் போட்டால் நல்ல சரக்கும் அடுத்த மழைக்காலத்தில் கைவிட்டுவிடும்.

எதை எங்கே போடுவது என்று முடிவு செய்ய நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த இடத்தை இன்னொரு நாள் பிரிக்க வேண்டி வருமா? வரும் என்றால் லேப் சீலன்ட், அதாவது குழாயிலிருந்து பிதுக்கி மேலே போடும் அடைப்புப் பசை. வராது என்றால் ஒட்டு டேப். அடியில் இருக்கிற ப்யூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) செத்துப்போயிருந்தால், இந்த இரண்டையும் மேலே போடுவது தற்காலிக ஏற்பாடுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தக் கூரை கட்டப்படும் விதம் அப்படி. அமெரிக்க ட்ரெயிலர்களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்திலிருந்து வருகின்றன. மெல்லிய ப்ளைவுட் அல்லது ஓஎஸ்பி (மரச்செதில்களைப் பசையிட்டு அழுத்திய) பலகை, அதன்மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு, அதில் வென்டுக்கும் (காற்றுப்போக்கி) ஸ்கைலைட்டுக்கும் (வெளிச்சத்துக்கான கூரைச் சன்னல்) வெட்டிய ஓட்டைகள். ஓட்டையில் உட்காரும் பொருளின் விளிம்புக்கு அடியில் ப்யூட்டைல் டேப், மேலே திருகாணி, திருகாணித் தலைகளை மூடி லேப் சீலன்ட். ஆக, தண்ணீரைத் தடுக்கும் முதல் காவல் விளிம்புக்கு அடியில் இருக்கும் ப்யூட்டைல். மேலே தெரிகிற வெள்ளைப் பூச்சு இரண்டாவது காவல். ஒழுகும்போது நாம் எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற இரண்டாவதைத்தான் சரிசெய்யப் போகிறோம்.

அதோடு, வீட்டுக் கூரை இருந்த இடத்தில் இருக்கும். இது நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் குலுங்கிக்கொண்டே போகும். மரச்சட்டம், அலுமினியம், ஃபைபர்கிளாஸ், ரப்பர் ஒவ்வொன்றும் வெயிலுக்கு வெவ்வேறு அளவு விரியும். மிச்சிகன், ஒன்டாரியோ மாதிரி இடங்களில் இடுக்கில் தங்கிய தண்ணீர் குளிரில் உறைந்து இடுக்கைப் பெரிதாக்கும். இறுகிக் கெட்டியாகும் எந்தப் பொருளும் இதில் தாக்குப்பிடிக்காது. நெகிழ்வோடு இருப்பதுதான் வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் கூரை எந்த வகை என்று பாருங்கள். கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா, மழைக்குப் பின் பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு வழிந்திருக்கிறதா? அநேகமாக ஈபிடிஎம் ரப்பர். உள்ளே வென்டின் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றி விரிப்பின் வெட்டுமுனையைப் பார்த்தால் ஈபிடிஎம்முக்கு அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். டிபிஓ என்ற இன்னொரு வகை விரிப்பு கொஞ்சம் வழுவழுப்பாக, பிளாஸ்டிக் தன்மையோடு இருக்கும். ஈபிடிஎம்மில் பெட்ரோலியம் கலந்த கரைப்பான்களும் தார் கலந்த பொருள்களும் படக்கூடாது. ரப்பர் உப்பிப் பலகையிலிருந்து கிளம்பிவிடும். வீட்டுக் கூரைக்கு விற்கிற கறுப்புத் தார்ச் சாந்து டப்பா மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்ட வேண்டாம்.

சரி, முக்கியமான போட்டிக்கு வருவோம்: லேப் சீலன்ட்டும் ஒட்டு டேப்பும்.

லேப் சீலன்ட் என்றால் பெரும்பாலோர் சொல்வது டைகார் பிராண்டை. இதில் இரண்டு வகை. தானாகப் பரவிச் சமமாகும் வகை கூரையின் தட்டையான பரப்புக்கு. பரவாமல் நிற்கும் வகை சரிவுக்கும் செங்குத்து இடத்துக்கும். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், குழாயும் ஒரே அளவு. பரவும் வகையைச் சுவரில் போட்டால் அது வழிந்து கீழே போய்விடும். படித்துப் பார்த்து எடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, மன்னிக்கும் தன்மை. மேடு பள்ளம், திருகாணித் தலை, வளைவு எல்லாவற்றையும் அதுவே போய்ச் சூழ்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மேல்தோல் கட்டிவிடும், உள்ளே முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். இறுகிய பிறகும் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். பழையது நன்றாக ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டத் தேவையில்லை. சுத்தம் செய்து, விரிசல் விட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மேலேயே புதிதாகப் போடலாம். எடுக்க வேண்டி வந்தால் ஹீட் கன்னால் லேசாகச் சூடுகாட்டி பிளாஸ்டிக் சுரண்டியால் உரித்துவிடலாம். இரும்புக் கத்தி வேண்டாம், விரிப்பையே கிழித்துவிடும்.

குறை என்று பார்த்தால், வெயிலில் காய்ந்து மயிரிழை வெடிப்பு விடும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏறிப் பார்த்தே ஆக வேண்டும். பல கம்பெனிக் கையேடுகள் 90 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன, வாரன்டியையும் அதோடு முடிச்சுப் போட்டுவிடுகின்றன. பார்த்த தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒட்டு டேப் என்றால் எட்டர்னாபாண்ட் பிராண்ட். கூரை வேலைக்குப் பொதுவாக 4 அங்குல அகலத்தில் 50 அடி ரோல் வாங்குவார்கள். அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும் பசை, அதனால் ஒட்டிய பிறகு சின்ன ரோலரால் பலம் கொடுத்து உருட்டியே ஆக வேண்டும். பிடித்தால் பிடித்ததுதான். கோணலாக ஒட்டிவிட்டு எடுத்து நேராக்கலாம் என்றால் நடக்காது, ரப்பரையும் பிய்த்துக்கொண்டு வரும். அதுதான் அதன் பலம், அதுதான் அதன் தொல்லையும்.

ஆகவே எங்கே எது என்பது தானாகவே தெளிவாகிறது. முன்பக்க ஃபைபர்கிளாஸ் மூக்கும் கூரை விரிப்பும் சேரும் குறுக்கு இணைப்பு ஒன்று இருக்கிறது. ஓடும்போது மழையைக் காற்று நேரே அடித்துத் திணிக்கும் இடம் அது. அதை யாரும் பிரிக்கப் போவதில்லை. அங்கே பழைய சீலன்ட்டைச் சமமாகச் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் டேப் போடுவதுதான் என் தேர்வு. பின்பக்கக் குறுக்கு இணைப்புக்கும் அதேதான். கிளை உரசிக் கிழித்த விரிப்புக்கும் டேப்தான். ஆனால் வென்ட், ஸ்கைலைட், ஆன்டெனா இவற்றைச் சுற்றி டேப் ஒட்டாதீர்கள். வென்ட் மூடியும் ஸ்கைலைட்டும் வெயிலில் நொறுங்கிப்போகிற பிளாஸ்டிக். சில வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். அன்றைக்கு அந்த டேப்பை உரிக்கிறவர் பாவம்.

டேப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது உள்ளே இருக்கிற ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். பலகை நனைந்திருக்கும்போது மேலே அழகாக ஒட்டிவிட்டால், வெளியிலிருந்து தண்ணீர் வராது, உள்ளே இருப்பதும் போகாது. பலகை மெல்ல இத்துப்போகும். முதலில் உள்ளே டீஹ்யூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) ஓடவிட்டு, ஈரமானி காட்டும் அளவு இறங்கும்வரை பொறுத்திருங்கள். அதுவரை மேலே தார்ப்பாய் போதும்.

அடுத்தது மூலை. பக்கச் சுவரும் முன்சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரு அலுமினியப் பட்டை ஓடும். பெரும்பாலான கசிவுகளுக்கு மக்கள் கூரையைச் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். இங்கே போட்டி, வெளியே ஓரத்தில் ஒரு கோடு சீலன்ட் இழுத்து முடிப்பதா, பட்டையைக் கழற்றி ப்யூட்டைலை மாற்றுவதா என்பது. முதல் வேலை அரை மணி நேரம். இரண்டாவது ஒரு நாளைத் தின்றுவிடும். இரண்டாவதைத்தான் செய்யுங்கள் என்பேன்.

பட்டையின் நடுவில் ஓடும் வினைல் நாடாவை முனையில் நெம்பி இழுத்தால் வரிசையாகத் திருகாணிகள் தெரியும். அவை கதை சொல்லும். பளபளப்பாக இருந்தால் அந்தப் பகுதி நலம். துரு ஏறி, திருப்பும்போது பிடிப்பே இல்லாமல் சுற்றினால், உள்ளே மரம் நனைந்திருக்கிறது. பட்டையைக் கழற்றினால் அடியில் பழைய பட்டி (ப்யூட்டைலுக்குப் பதில் போடும் மலிவு நாடா) காய்ந்து பொடிப்பொடியாக உதிரும், நடுநடுவே இடைவெளி. தண்ணீர் வந்த வழி அதுதான். அதை முழுக்கச் சுரண்டி, சுவரையும் பட்டையையும் ஆல்கஹாலால் துடைத்து, புது ப்யூட்டைல் டேப்பைப் பட்டையின் பின்பக்கம் முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். நடுவில் வெட்டு விழாமல் இருந்தால் நல்லது. கொஞ்சம் பெரிய ஸ்டெயின்லெஸ் திருகாணிகளால் மேலிருந்து கீழே மெதுவாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு ஓரத்திலும் ப்யூட்டைல் பிதுங்கி வரும். அது வெளியே வருகிறது என்றால் உள்ளே இடைவெளி இல்லை என்று அர்த்தம். உடனே வெட்டாதீர்கள். சில நாள் வெயில் பட்டதும் இன்னும் கொஞ்சம் பிதுங்கும், அப்போது திருகாணிகளை இன்னொரு சுற்று இறுக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் ஓரம் வெட்டலாம். மரம் இத்துப்போயிருந்தால் மட்டும் இதெல்லாம் போதாது. அந்தச் சட்டத்தை மாற்றாமல் எந்தப் பசையும் நிற்காது.

ப்யூட்டைலும் பட்டி டேப்பும் ரோலாகப் பார்த்தால் ஒரே மாதிரி சாம்பல் நிறம்தான். பட்டி மலிவு, காய்ந்து சுருங்கும். ப்யூட்டைல் வருஷக்கணக்கில் பிசுபிசுப்போடு இருக்கும். சில டாலர் மிச்சத்துக்காகப் பட்டியை வாங்குவது வீண்.

பட்டை உட்கார்ந்த பிறகு மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இழுக்க வேண்டும். அதற்கு ஜியோசெல் ப்ரோஃப்ளெக்ஸ் மாதிரி ட்ரெயிலர் சுவருக்கென்று வருவது சரியாக இருக்கும். பாலியூரித்தேன் சீலன்ட்டுகள் பிடிப்பில் ரொம்பப் பலம். உலோகத்துக்கு உலோகம் சேரும் இடத்தில், குறிப்பாக ஏர்ஸ்ட்ரீம் மாதிரி அலுமினிய உடல்களில், அவற்றைத்தான் போடுவார்கள். ஆனால் சில வகைப் பிளாஸ்டிக்குகளை அவை வெடிக்கச் செய்துவிடும், ஸ்கைலைட் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சிலிக்கானைப் பற்றி என் கருத்து கடுமையானது: ட்ரெயிலரின் வெளிப்புறத்துக்கு அது வேண்டவே வேண்டாம். ரப்பர் கூரையில் சரியாகப் பிடிக்காது, ஓரத்திலிருந்து உரிந்துவரும். அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் அதற்கப்புறம் எதுவும் ஒட்டாது. லேப் சீலன்ட் ஒட்டாது, டேப் ஒட்டாது, பூச்சும் ஒட்டாது, சமயத்தில் புதுச் சிலிக்கானே ஒட்டாது. இன்னொருவரிடமிருந்து வாங்கிய பழைய ட்ரெயிலர்களில் முந்தைய சொந்தக்காரர் மூலைக்கு மூலை அப்பிவிட்ட சிலிக்கானைச் சுரண்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். பாத்ரூம் தொட்டியின் உள்ஓரத்துக்கு அது நல்ல பொருள், அங்கேயே இருக்கட்டும்.

இனி முழுக்கூரை விவகாரம். திரவ ரப்பர் பூச்சா, புது விரிப்பா? பூச்சு என்பது வயதான விரிப்புக்கு ஆயுள் கூட்டுவதற்கு. விரிப்பு முழுக்கப் பொடி உதிர்ந்து மெலிந்திருக்கிறது, ஆனால் கிழியவில்லை, பலகை கெட்டியாக இருக்கிறது என்றால் ஈபிடிஎம் திரவப் பூச்சு நல்ல முதலீடு. தயாரிப்புதான் வேலையே. கழுவி, துடைத்து, இணைப்புகளை முதலில் டேப்பாலோ சீலன்ட்டாலோ சரிசெய்துவிட்டுத்தான் பூச வேண்டும். ஒழுகுகிற இணைப்பின்மேல் நேரே பூசினால் கொஞ்ச நாள் நிற்கும், வண்டி ஓடி இணைப்பு அசைந்ததும் அதே கோட்டில் வெடிக்கும். அக்ரிலிக் பூச்சு விலை குறைவு, பூசுவதும் சுலபம், ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் தாங்காது. ஏசி கனத்தில் கூரை நடுவில் குழிந்திருந்தால் அக்ரிலிக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

மேலே நடக்கும்போது பலகை காலுக்கடியில் மெத்தென்று அமுங்கினால் பூச்சுப் பேச்சே வேண்டாம். விரிப்பைக் கழற்றி, கெட்ட பலகையை மாற்றி, புது விரிப்பு ஒட்டுவதுதான் வழி. பட்டறைகள் நீள அடிக்கு ஏறக்குறைய 300 டாலர் சொல்வது சகஜம், 25 அடி ட்ரெயிலருக்கு 7,500 டாலர். பழைய ட்ரெயிலர்களில் பல அந்த விலைக்கே போகாது. அதனால்தான் சீலன்ட் குழாய் வாங்குகிற நிலையிலேயே விழித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏசியைப் பற்றித் தனியாக ஒன்று. அதன் அடியிலிருந்து ஒழுகினால் சுற்றிலும் சீலன்ட் போட்டு அடைக்கத் தோன்றும். கூடவே கூடாது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் கூரைமேல்தான் வழிந்தோட வேண்டும், அடைத்தால் உள்ளே திரும்பிவிடும். அங்கே தண்ணீரைத் தடுப்பது 14 அங்குலச் சதுர ஓட்டையைச் சுற்றியுள்ள நுரை கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் மெத்தை). உள்பக்க மூடியைக் கழற்றினால் நான்கு போல்ட் தெரியும். அவை தளர்ந்திருந்தால் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். கேஸ்கெட் நசுங்கித் தட்டையாகிவிட்டிருந்தால் புதிது மாற்றுங்கள்.

எதை வாங்குவதற்கும் முன்னால் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரிய வேண்டும். உள்ளே கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணாதீர்கள், தண்ணீர் சட்டத்தின் வழியே பல அடி ஓடி எங்கோ சொட்டும். தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியாக நனைத்து, உள்ளே ஒருவரை டார்ச்சோடு நிற்கவைத்துப் பார்க்கலாம். ப்ரெஷர் வாஷர் வேண்டாம், ஒழுகாத இடத்தையும் ஒழுகவைத்துவிடும். இதைவிட நம்பகமானது பட்டறைக்காரர்கள் செய்யும் காற்றுச் சோதனை. ஒரு வென்டில் விசிறியைப் பொருத்தி உள்ளே காற்றை ஏற்றி, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். நுரை பொங்கும் இடமெல்லாம் கசிவு. அங்கங்கே பென்சிலால் குறி வைத்துக்கொண்டு வந்தால், எந்தக் குறிக்கு சீலன்ட், எதற்கு டேப், எதைப் பிரித்து ப்யூட்டைல் மாற்ற வேண்டும் என்று ஏணியில் நின்றபடியே கணக்குப் போட்டுவிடலாம். கடைக்கு அதற்கப்புறம் போனால் போதும்.