டேப்பெட் சத்தம் அடங்கினால் சந்தோஷப்படாதீர்கள்: சின்ன எஞ்சினோடு ஆறு வருடம்

தண்ணீர் பம்பில் பூட்டிய ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை ஆறு வருடமாக ஓட்டுகிறேன். இரண்டு தடவை வால்வு தொல்லை, ஒரு தடவை டைமிங் தொல்லை. மூன்றையும் நானே கண்டுபிடித்துச் சரி செய்தேன். இதற்கு வாங்கியதில் உண்மையாகவே உழைத்தவை இரண்டுதான்: ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு லீக் டவுன் டெஸ்டர் (சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் கருவி).

முதல் தொல்லை மூன்றாம் வருடம் வந்தது. காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் சூட்டில் எத்தனை இழுத்தாலும் பிடிக்காது. ஆறவிட்டால் மறுபடி சரியாகிவிடும். பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினேன், ஸ்பார்க் தரும் காயிலையும் சந்தேகப்பட்டேன். ஆனால் துப்பு வேறு இடத்தில் இருந்தது. முதல் வருடம் லேசாக டிக் டிக் என்று அடித்த டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்), அப்போது சத்தமே இல்லாமல் இருந்தது. எஞ்சின் நன்றாகப் படிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

வால்வை அமுக்கித் திறக்கும் கைதான் ராக்கர். அதன் கவரைக் கழற்றி, ராக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. வால்வும் அது மூடி உட்காரும் சீட்டும் தேயத் தேய, வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது. அதன் தண்டு ராக்கரை நோக்கி ஏறுவதால் இடைவெளி குறைகிறது. சூட்டில் தண்டு நீளும்போது மிச்சமிருந்த இடைவெளியும் போய், வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறக்குகிறது. சீட்டில் உட்காராவிட்டால் அதன் விளிம்பே கருகிப்போகும். இடைவெளி அதிகமானால் டேப்பெட் அடிக்கும், இழுவை கொஞ்சம் குறையும். அதைக் காது காட்டிக்கொடுத்துவிடும். குறைவது அப்படியல்ல. என் அனுபவத்தில் அதுதான் ஆபத்தானது.

அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஹோண்டா ஜிஎக்ஸ்160-க்கு இன்டேக் (பெட்ரோல் கலவை நுழையும் பக்கம்) 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ.; எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு (டாப்) வந்து இரண்டு வால்வும் மூடிய நிலையில் பார்க்க வேண்டும். பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை மேலே வரும், அதில் ஒன்று தவறான டாப். அங்கே எக்ஸாஸ்ட் மூடி முடிவதற்குள் இன்டேக் திறக்கத் தொடங்கிவிடும். நான் பிளக்கைக் கழற்றிவிட்டு, இன்டேக் ராக்கர் அமுங்கி எழும்வரை சுற்றுவேன். அதற்கடுத்து வரும் டாப்தான் சரியானது. இன்னொரு விஷயம்: கயிறு இழுக்க லேசாக இருக்கட்டும் என்று பல எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டில், அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் அமைப்பு வைத்திருப்பார்கள். அது வால்வைச் சற்றே தூக்கிக்கொண்டிருந்தால் அளவு பொய்யாகிவிடும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் பல எஞ்சின்களில் டாப்பைத் தாண்டி கால் அங்குலம் பிஸ்டனை இறக்கி அளக்கச் சொல்வது இதனால்தான்.

தகடு எப்படி நகர வேண்டும்? கனமான புத்தகத்தின் அடியிலிருந்து ஒரு தாளை உருவுவதுபோல, லேசாகப் பிடித்தபடி வர வேண்டும். அளவைச் சரிசெய்து லாக் நட்டை இறுக்கும்போது அந்தப் பிடி மாறிவிடும், ஒவ்வொரு முறையும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் கவரை மூடாதீர்கள்.

கம்ப்ரஷன் கேஜ் எனக்கு ஏமாற்றம்தான். கயிற்றால் சுற்றும் வேகத்தில் அதே டிகம்ப்ரஷன் அமைப்பு வேலை செய்வதால், நல்ல எஞ்சினிலும் முள் குறைவாகவே காட்டும். லீக் டவுன் டெஸ்டர் அப்படியில்லை. இரண்டு வால்வும் மூடிய நிலையில் ஃப்ளைவீல் சுழலாமல் பிடித்துக்கொண்டு காற்றை ஏற்றினால், எங்கே கசிகிறது என்று காதாலேயே தெரியும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக், ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். ஐந்தாம் வருடம் கார்புரேட்டர் பக்கம் தெளிவாக உஸ்ஸென்று கேட்டது. ஹெட்டை இறக்கி, இன்டேக் வால்வைப் பேஸ்ட் போட்டு லேப்பிங் செய்தேன், அதாவது சீட்டோடு தேய்த்துப் படியவைத்தேன். சாம்பல் நிற வளையம் எங்கும் அறுந்துபோகாமல் முழுதாகத் தெரிந்த பிறகே நிறுத்தினேன்.

டைமிங் தொல்லை வேறு கதை. பம்பில் கல் சிக்கி எஞ்சின் சட்டென்று நின்றது. அப்புறம் இழுத்தால் கயிறு கையைப் பிடுங்கியது. ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தால் அதன் சாவி (ஃப்ளைவீலைக் கிராங்க்கோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருந்தது. கிராங்க் நின்ற நொடியில் ஃப்ளைவீல் ஓடிய வேகத்தில் கொஞ்சம் முன்னே நகர்ந்துவிட்டது. காந்தம் காயிலைச் சீக்கிரமே கடப்பதால் ஸ்பார்க் முந்திக்கொள்கிறது. மேலே வரும் பிஸ்டனை அது பின்னுக்குத் தள்ளுகிறது. சாவி அதே அளவில், அதே வகை உலோகத்தில்தான் இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த கெட்டி இரும்பைச் செருகிவிட்டால் அடுத்த அடி கிராங்க்கில்தான் விழும்.

கேம் டைமிங்கை, அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை, கடைசியாகச் சந்தேகப்படுங்கள். பல்லோடு பல் கோத்த கியர் தானாக நழுவாது. பல் உடைந்திருக்க வேண்டும், அல்லது யாராவது எஞ்சினைப் பிரித்து, கியர்களின் அடையாளப் புள்ளிகளைச் சேர்க்காமல் மூடியிருக்க வேண்டும். கேம் கியரில் 40 பல் இருந்தால், ஒரு பல் பிசகுவது கிராங்க்கில் 18 டிகிரி. அந்த நிலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனாலே பெரிது.

ஃபீலர் கேஜின் 0.05 தகடு என்னிடம் மடங்கிப்போனது. மெல்லிய தகடுகளைத் தள்ளாமல் இழுத்தே அளக்க வேண்டும், வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்க வேண்டும். மற்ற தகடுகள் இன்றும் நேராக இருக்கின்றன. போன மாதம் பார்த்தபோது எக்ஸாஸ்டில் 0.18 நுழைந்தது, 0.20 நுழையவில்லை. தேதியோடு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். டேப்பெட் லேசாக அடித்துக்கொண்டேதான் இருக்கிறது.