ராக்கெட்டுக்கான பெராக்சைடு: விஷம் குறைவு, சிடுசிடுப்பு அதிகம்

மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் இஸ்ரோவின் விகாஸ் ராக்கெட் என்ஜின், ஹைட்ரசீன் வகை எரிபொருளான யூஎச்25-ஐ நைட்ரஜன் டெட்ராக்சைடில் எரிக்கிறது. இரண்டுமே கடும் விஷம். ஒருமுறை போய் ஒழியும் ராக்கெட்டில் இதைச் சமாளித்துவிடலாம். தரையிறங்கிய என்ஜினைக் கழற்றி, கழுவி, மறுபடி மாட்டும் வேலை என்றால், ஒவ்வொரு நட்டைத் தொடவும் சுவாசக் காற்றோடு கூடிய முழு உடை வேண்டும். அந்த இடத்துக்குச் சொல்லப்படும் மாற்றுகளில் ஒன்று 90 முதல் 98 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. முடி வெளுக்கும் அதே சரக்குதான், தண்ணீர் கலப்பு மட்டும் மிகக் குறைவு.

அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும். லிட்டருக்குச் சுமார் 1.4 கிலோ என்பதால் டேங்க் சிறிதாகும். ஆவி குறைவு என்பதால் முகக்கவசம், பிவிசி உடை, கையில் தண்ணீர்க் குழாய் இருந்தால் வேலை நடக்கும். வினையூக்கியில் பட்டதும் சுடு நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதால், எரிபொருளான மண்ணெண்ணெய் அதில் தானே பற்றிக்கொள்ளும், தனியாகப் பற்றவைக்கும் இக்னைட்டர் வேண்டாம். 1971இல் பிரிட்டனின் பிளாக் ஏரோ ராக்கெட் இப்படித்தான் சுற்றுப்பாதைக்குப் போனது.

தொல்லை வினையூக்கியில் தொடங்குகிறது. வெள்ளி வலை 90 சதவீதம் வரை தாங்கும். 98 சதவீதம் பிரியும் சூடு 950 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. வெள்ளி உருகுவதே 961இல். அங்கே பீங்கான்மேல் பூசிய பிளாட்டினமோ மாங்கனீஸ் ஆக்சைடோ வேண்டும். ஒவ்வொரு பறத்தலுக்குப் பின்பும் வினையூக்கிப் படுகையின் அழுத்த இழப்பைக் குறித்துவையுங்கள். அது ஏறினால் வினையூக்கிக் குருணைகள் நொறுங்குகின்றன என்று சந்தேகிக்கலாம்.

அதைவிட மோசம் பால் வால்வு, அதாவது துளையிட்ட பந்தைத் திருப்பித் திறந்து மூடும் வால்வு. மூடியதும் பந்தின் துளைக்குள் கொஞ்சம் திரவம் சிக்கும். அது மெல்லச் சிதைந்து ஆக்சிஜனாகும். வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி வால்வு வெடிக்கும். பந்தில் டேங்க் பக்கமாக ஒரு சிறு துளை போட்டால் தீர்ந்தது. இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட குழாய் ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம். தூய அலுமினியம், அமிலத்தில் கழுவிய துருப்பிடிக்காத எஃகு, டெஃப்லான் சீல் சரி. செம்பு, பித்தளை, துரு கூடவே கூடாது. 2000இல் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியில் 118 பேர் இறந்த விபத்து, பெராக்சைடு டார்பிடோவில் தொடங்கியது.

ராக்கெட்டின் பெரிய முதல் கட்டத்தில் பயன்படுத்த, பெராக்சைடுக்கு 5க்கு 2 மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் உந்துதல் போதாது, திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் அங்கே நல்ல தேர்வு, கடுங்குளிர் தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் விஷமுமில்லை, கரியும் குறைவு. திசைதிருப்பும் சிறு உந்திகளுக்கு 4. ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில், வீரர்கள் பூமிக்கு இறங்கும் கலத்தில் இன்றும் இதுதான். அந்தக் கலத்தை நெடுங்காலம் விண்வெளியில் நிறுத்தாததற்கு ஒரு காரணமும் இதே பெராக்சைடுதான்: டேங்கில் சும்மா இருந்தாலும் சிதைந்துகொண்டே இருக்கும்.