மெய்ப்புத் திருத்தும் வேலைன்னு 6,499 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீங்க

டைப் பண்ணும்போதே ஆத்திரமா வருது. வீட்டிலிருந்தே தமிழ் ப்ரூஃப் பார்க்க ஆள் எடுக்கிறோம்னு வாட்ஸ்அப்ல வந்த ஒரு ஏஜென்சி. பேரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, நாளைக்கே வேற பேர்ல வருவாங்க.

எம்.ஏ. தமிழ் முடிச்சிட்டு ஆறு வருஷமா வீட்லதான் இருக்கேன். பேப்பரைப் பிரிச்சா எனக்குச் செய்திக்கு முன்னாடி சந்திப்பிழைதான் கண்ணுல படும். மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பினாங்க. 'சுவற்றில்' இருந்ததை 'சுவரில்'னு மாத்தினேன், 'முயற்சித்தான்' இருந்த இடத்துல 'முயன்றான்' போட்டேன். அரைமணியில போன். "அக்கா, இவ்வளவு சுத்தமா யாருமே பார்த்துக் கொடுத்ததில்லை." அங்கதான் விழுந்தேன். என் தமிழை ஒருத்தர் பாராட்டிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!

டெபாசிட் 6,499 ரூபாய், முதல் சம்பளத்தோட திரும்பி வந்துரும்னாங்க. சீட்டுக்குக் கட்ட வெச்சிருந்த பணம், ஜிபே பண்ணிட்டேன். உடனே 'பனி நியமன ஆணை' வந்துச்சு. ஆமா, மூணு சுழி 'ண' இல்லை, ரெண்டு சுழி. பார்த்தேன். டைப் பண்ணினவர் தப்புன்னு நானே சமாதானமும் சொல்லிக்கிட்டேன். நான் ப்ரூஃப் ரீடராம்!

அஞ்சு நாள்ல 150 பக்கம். எல்லாம் மங்கலான ஸ்கேன். குழந்தையைத் தூங்க வெச்சிட்டு ராத்திரி 2 மணி வரைக்கும் உட்கார்ந்து முடிச்சேன். "98 சதவீதம் சரியா இருக்கணும், உங்களுது 91." எந்தப் பக்கத்துல என்ன பிழைன்னு கேட்டா, "சிஸ்டம் சொல்லுது மேடம்." அக்கா போய் மேடம் ஆயிட்டேன். என் 6,499? "அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க." அங்க கேட்டா "மேனேஜர் லீவு." நேத்து அடுத்தது: ஒப்பந்தத்தை மீறிட்டேனாம், வக்கீல் நோட்டீஸ் வருமாம், 8,000 கட்டினா விட்டுருவாங்களாம். 6,499 பத்தலை போல!

கட்டலை. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தேன். "பணம் போன அன்னிக்கே கூப்பிட்டிருக்கலாமே"ன்னாங்க. நான் கூப்பிட்டது ஒன்பதாவது நாள்.

இந்த வேலைக்கு எப்படிப் போறதுன்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடலை. டெபாசிட்னு கேட்டா ஓடிருங்க. பதிப்பகத்துல நாலு பக்கம் கொடுத்துப் பார்ப்பாங்க, பக்கத்துக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க, நம்மகிட்ட காசு கேட்க மாட்டாங்க. வாட்ஸ்அப்ல வர்ற வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து கட்டாதீங்க. அவங்களோட பேசின வாட்ஸ்அப் மெசேஜையெல்லாம் அழிச்சிராதீங்க.

சீட்டுப் பணம் போன விஷயம் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.