கன்வெர்ட்டர் மாற்றிய பின் புகைக்குழாயைத் தாங்குவது எது? பிராக்கெட், வெல்டு கம்பி, கிளாம்ப் ஹேங்கர்: ஓர் ஒப்பீடு

எஞ்சின் புகையைச் சுத்திகரிக்கும் பழைய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுக்கும்போது, அதோடு சேர்ந்து இன்னொரு பொருளும் வண்டியை விட்டுப் போய்விடுவதைப் பலர் கவனிப்பதில்லை. தொழிற்சாலையில் பொருத்திய கன்வெர்ட்டரின் கூட்டிலோ, அதை ஒட்டிய குழாயிலோ, எடையைத் தாங்குவதற்கென ஒரு கம்பியோ பிராக்கெட்டோ வெல்டு செய்யப்பட்டிருப்பது வழக்கம். பல வண்டிகளுக்கும் பொதுவாக விற்கப்படும் மாற்றுக் கன்வெர்ட்டரில் அது பெரும்பாலும் இருக்காது. குழாய்கள் சேர்ந்துவிட்டன, கசிவு இல்லை, எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிட்டது என்று வண்டியைக் கீழே இறக்கிவிடுகிறோம். முன்பு மூன்று இடங்களில் பகிர்ந்து தாங்கப்பட்ட எடை இப்போது இரண்டு இடங்களில் தொங்குகிறது என்பது, சில மாதங்கள் கழித்து ஏதேனும் ஒரு வெல்டு விரிசல் விடும்போதுதான் தெரியவருகிறது.

இந்தக் குறை கன்வெர்ட்டரின் ஆயுளையே தொடுவது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலான கன்வெர்ட்டர்களுக்குள் இருப்பது தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் அதன்மேல் மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. வெப்பத்தை நன்கு தாங்கும் அந்தக் கட்டி, தொடர்ந்த அதிர்வையும் கீழே இடிபடுவதையும் தாங்குவதில்லை. உடைந்தால் அதன் துண்டுகள் வழியை அடைத்து எஞ்சினை மூச்சுத் திணற வைக்கின்றன. கட்டி உடையாமல் இருந்தாலும் ஆபத்து வேறு வழியில் வருகிறது. தாங்கல் இல்லாத குழாய் வளைந்து, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் முன்புற சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பு விரிசல் விட்டால், புகையின் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. எரிபொருள் குறைவாகப் போகிறது என்று சென்சார் தவறாகச் சொல்ல, கணினி எரிபொருளைக் கூட்ட, எரியாமல் மிஞ்சியது புதிய கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கிறது.

அப்படியானால் இறுக்கிக் கட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். அது போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. எஞ்சின் தன் ரப்பர் மவுண்டுகளின்மேல், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும், அசைந்துகொண்டே இருக்கிறது. அதோடு இணைந்த குழாயும் அசைந்தாக வேண்டும். இரண்டாவது, வெப்ப விரிவு. 3 மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீள்கிறது. அதுவே 304 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் 15 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே நல்ல தாங்கல் என்பது எடையை ஏற்றுக்கொண்டு, அசைவை அனுமதிப்பது. கீழே பேசப்படும் வழிகளை எல்லாம் இந்த ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்.

முன்பகுதி: கியர்பாக்ஸ் பிராக்கெட்டா, தரைத்தட்டு ஹேங்கரா?

இடத்தைத் தீர்மானிப்பது, பின்னல் கம்பி போர்த்திய நெளிகுழாய், அதாவது ஃப்ளெக்ஸ் பைப், எங்கே இருக்கிறது என்பதுதான். அதற்கு முன்னால் உள்ள எல்லாம் எஞ்சினோடு சேர்ந்து அசைபவை; பின்னால் உள்ள எல்லாம் வண்டியின் உடலோடு சேர்ந்தவை. கன்வெர்ட்டர் ஃப்ளெக்ஸ் பைப்புக்கு முன்னால் இருந்தால், அதை எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ போல்ட் செய்த பிராக்கெட்டால் தாங்குவதே முறை. குழாயும் கியர்பாக்ஸும் ஒன்றாக அசைவதால், இடையில் உள்ள இணைப்புகளுக்கு வளைவு அழுத்தம் குறைகிறது. தரைத்தட்டிலிருந்து தொங்கும் ரப்பர் ஹேங்கரை இதே இடத்தில் போட்டால், ஒரு முனை எஞ்சினோடு ஆடும், மறு முனை உடலோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிஃபோல்டின் இணைப்புத் தட்டும் (ஃபிளேஞ்ச்), அதன் கசிவுத் தடுப்பு கேஸ்கெட்டும்தான். கேபினுக்குள் ஒரு முனகல் ஒலி கேட்கத் தொடங்குவதும் இதனால்தான்.

தரைத்தட்டு ஹேங்கரின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: அதைச் செய்வது எளிது. கியர்பாக்ஸ் பிராக்கெட்டை இழந்த வண்டியில், போல்ட் துளைகளுக்கு ஏற்ப ஒரு தகட்டை அளந்து வெட்டி வளைக்கப் பொறுமை வேண்டும். பிராக்கெட் பிடிக்கும் இடத்தில், வெப்பத்தில் குழாய் சற்றே நகரும்படி நீள்துளையோ ஸ்பிரிங் வாஷரோ வைக்க வேண்டும். ஆயினும், ஃப்ளெக்ஸ் பைப்புக்கு முன்னால் என்றால் என் தேர்வு தயக்கமின்றி கியர்பாக்ஸ் பிராக்கெட்தான். பழைய பிராக்கெட்டைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஃப்ளெக்ஸ் பைப்புக்குப் பின்னால் கன்வெர்ட்டர் இருந்தால் முடிவு அப்படியே தலைகீழாகும்: அங்கே உடலோடு இணைந்த ரப்பர் ஹேங்கர் சரி, கியர்பாக்ஸ் பிராக்கெட் தவறு, ஏனெனில் அது ஃப்ளெக்ஸ் பைப்பையே செயலற்றதாக்கிவிடும்.

வி வடிவ எஞ்சின்களில் இரண்டு பக்கமும் கன்வெர்ட்டர் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரு குழாய்களும் ஒன்றாகச் சேரும் சந்திப்பின் மீது இரு பக்க எடையும் இறங்குகிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் தாங்கல் கொடுத்தால் அந்தச் சந்திப்பு முறுக்கப்படுகிறது. அங்கேதான் வெல்டு முதலில் விடும்.

வெல்டு கம்பியா, கிளாம்ப் ஹேங்கரா?

குழாயில் வெல்டு செய்த 10 அல்லது 12 மில்லிமீட்டர் கம்பி நழுவாது, சுழலாது, அதிர்வில் தளராது. குறைகள் செய்யும் முறையில் இருக்கின்றன. கம்பியை மாற்றுக் கன்வெர்ட்டரின் மெல்லிய கூட்டின்மேல் வெல்டு செய்யக் கூடாது. உள்ளே பீங்கானைப் பிடித்திருக்கும் நார்ப்பாய் அந்தச் சூட்டில் கெடலாம். இரண்டு அங்குலம் தள்ளி, குழாயின்மேல் செய்யலாம். சாதாரண எஃகையும் துருப்பிடிக்காத எஃகையும் இணைப்பதென்றால் 309எல் நிரப்புக் கம்பி பொருத்தமானது. அலுமினியப் பூச்சுள்ள குழாயில் வெல்டு செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால், வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்கு மிக அருகில் மாட்டுவதும் கட்டாயம்.

குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஹேங்கருக்கு வெல்டிங் இயந்திரம் தேவையில்லை. இடத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். துருவேறி மெலிந்து, வெல்டு செய்தால் துளை விழும் பழைய குழாய்க்கு அதுவே ஒரே வழியாகவும் இருக்கும். ஆனால் யூ-போல்ட் வகை, குழாயை நசுக்கி வடிவம் கெடுத்துத்தான் பிடிக்கிறது. பிறகு ஒரு நாள் அந்த இணைப்பைப் பிரிக்க முயன்றவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். அகலமான பட்டை கிளாம்ப் அழுத்தத்தைச் சுற்றிலும் சமமாகப் பரப்புவதால் அதைவிட மேலானது. நான் பரிந்துரைப்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவது: முதலில் கிளாம்ப் ஹேங்கரால் சரியான இடத்தைக் கண்டுபிடித்து, சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, பிறகு அதே இடத்தில் கம்பியை வெல்டு செய்வது.

கட்டுக்கம்பி, துளைத்தகடு போன்றவற்றால் தரைத்தட்டோடு நேராகக் கட்டுவதை இவற்றோடு சேர்த்து ஒப்பிடவே தேவையில்லை. வழியில் குழாய் விழுந்தால் பட்டறை வரை வந்துசேர அது உதவும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

எந்த ரப்பர்?

கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைப் பிடித்திருக்கும் ரப்பரின் பொருள் இடத்துக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் பயனில்லை. ஈபிடிஎம் ரப்பர் சுமார் 125 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும், நன்றாக வளையும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிக் கெடும்; எனவே அதை மாட்டும்போது கிரீஸுக்குப் பதில் சோப்புத் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டும். சிலிகோன் 200 டிகிரி வரை தாங்கும், ஆனால் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் எளிதில் கிழிந்துவிடும். பாலியூரிதேன் உறுதியானது, எண்ணெய்க்கும் அஞ்சாது. ஆனால் வெப்பத்துக்கு மூன்றிலும் பலவீனமானது, அதன் விறைப்பு அதிர்வைக் கேபினுக்குள் கடத்துகிறது. கன்வெர்ட்டரின் அருகில் சிலிகோன், அல்லது வெப்பத் தடுப்புத் தகட்டின் மறைவில் ஈபிடிஎம். பாலியூரிதேன் வேண்டுமென்றால் பின்கோடியில் உள்ள சைலன்சருக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் பொருத்தும் வரிசை ஒன்றுதான். முழுக் குழாயையும் தளர்வாகத் தொங்கவிட்டு, கன்வெர்ட்டரின் கீழ் ஒரு ஸ்டாண்ட் வைத்து உயரத்தைச் சரிசெய்து, முன்னிருந்து பின்னாக முடுக்கிக்கொண்டே போக வேண்டும். குழாய் சூட்டில் பின்னோக்கி நீளும் என்பதால், குளிர்ந்திருக்கும்போது ரப்பர், குழாயின் விரிவில் பாதியளவு முன்பக்கம் சாய்ந்திருந்தால், முழுதும் சூடேறியதும் அதே அளவுதான் பின்பக்கம் சாயும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அடியில் படுத்துப் பார்த்தால், எங்கே குழாய் உரசுகிறதோ அங்கே பளபளப்பான ஒரு தடம் தெரியும். கம்பியை அந்தத் தடத்துக்கு எதிர்த் திசையில் சிறிது வளைத்து, எல்லா போல்ட்டுகளையும் மறுபடி ஒரு முறை முடுக்கிவிடலாம்.