ஊட்டியில் பூனையை ‘ஹீட்டர் ரூம்’ போர்டிங்கில் விடப்போகிறவர்கள் கவனத்துக்கு

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, குன்னூர் பக்கம் பூனையைப் போர்டிங்கில் விட்டுவிட்டு வெளியூர் போகிற எண்ணம் இருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

மதுரையில் நாத்தனார் மகள் கல்யாணம். எங்கள் பூனை பட்டுவுக்கு பஸ் சத்தமே ஆகாது, கூட்டிப்போக வழியில்லை. விசாரித்ததில் போர்டிங் நடத்துகிற ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். சிவப்புக் கம்பளம், மூலையில் ரூம் ஹீட்டர், மெத்தையில் இரண்டு பெர்ஷியன் பூனைகள். ஓர் இரவுக்கு 600 ரூபாய், ஹீட்டருக்குத் தனியாக 150. அறையை நேரில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “புது ஆளைப் பார்த்தா மத்த பூனைங்க மிரளும் மேடம்” என்றார். பூனை வளர்க்கிற யாருக்கும் அது நியாயமாகத்தான் படும். ஆளின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது.

சொன்ன தேதிக்கு முன்னதாகவே திரும்பிவிட்டோம். போன் பண்ணாமல் காலை ஏழு மணிக்குப் போய் நின்றோம். வாசல் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. கம்பளமும் ஹீட்டரும் இருந்தது அவர்கள் குடும்பம் டிவி பார்க்கிற ஹாலில். பூனைகள் இருந்தது பின்பக்கத் தகர ஷெட்டில். சிமென்ட் தரையில் வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஈரச் சாக்கு. பட்டுவின் தண்ணீர்க் கிண்ணத்தில் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருந்தது.

மூக்கு அடைத்து, கண்ணில் பீளை கட்டி, மூலையில் சுருண்டிருந்தாள். வைத்த சாப்பாடு அப்படியே காய்ந்திருந்தது. வாசனை தெரியாவிட்டால் பூனை தட்டைத் தொடாது. பக்கத்துக் கூண்டிலும் தும்மல். அங்கே தடுப்பூசி அட்டையை யாரிடமும் கேட்பதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இதுவரை நடந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். “நேத்து உடம்பு சுட்டுச்சு மேடம், ராத்திரி காய்ச்சல் சிரப் இரண்டரை மில்லி குடுத்துட்டேன்” என்றார் போர்டிங்காரர், ஏதோ உபகாரம் செய்தவர் மாதிரி. பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். குழந்தைகளுக்கான பாராசிட்டமால், 5 மில்லியில் 250 மி.கி.

பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. அது ரத்தத்தைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நாம் போடுகிற 500 மி.கி. மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

கால்நடை மருத்துவர் பட்டுவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சாக்லேட் நிறத்தில் இருந்தது. முகமும் வீங்கத் தொடங்கியிருந்தது. ஆக்சிஜன் வைத்தார். மாற்று மருந்து அசிடைல்சிஸ்டீன், மனிதர்களுக்குக் கொடுப்பதுதான், மெடிக்கலில் கிடைத்தது. பிழைத்துவிட்டாள். செலவு 7,400 ரூபாய்.

போர்டிங்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “மலைன்னா குளிரத்தானே செய்யும், பூனைக்கு ரோமம் எதுக்கு இருக்கு?” என்று பதில். சரி, அப்படியானால் 150 ரூபாய் எதற்கு வாங்கினீர்கள் என்றதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

விடுவதாக இருந்தால், முதல் இரவு பத்து மணிக்கு வீடியோ காலில் பூனை படுத்திருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்த வீடியோவை நம்பாதீர்கள். நம்மைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை கேட்காத இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. ‘ஹீட்டர் சார்ஜ்’ என்று அவரே அனுப்பிய மெசேஜும், பாராசிட்டமால் நஞ்சு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டும் கையில் இருக்கின்றன. அந்தச் சிவப்புக் கம்பள வீடியோ உங்களுக்கும் வந்திருந்து, பூனையை விட்டு அவதிப்பட்டிருந்தால், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.